பின்பக்கம் பார்த்த சீட்

இருந்தவர்கள் விவரம் முதலில்.

நான். வண்டியின் டிரைவர்.

இருதயராஜ். வண்டியின் சொந்தக்காரர்.

கன்னியப்பன். காயலான் கடைக்காரர். தோளில் இழுவைக் கயிறு.

வடக்குப்பட்டுப் பெண்கள், பதினான்கு பேர். கையில் டிபன் பை.

கடைசியாக, வண்டி.

போன சனிக்கிழமை. காலை ஐந்தே முக்கால். வடக்குப்பட்டு ஏரிக்கரை. வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது. நாங்கள் அத்தனை பேரும் வண்டியின் முதுகைப் பார்த்து நின்றோம்.

ஏன் முதுகை? வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். ‘உங்கள் பத்தி தந்தி மாதிரி இருக்கிறது’ என்று. இருக்கலாம். இந்த வாரம் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வண்டியின் நீளம் அப்படி.

பதினேழரை அடி.

ஸ்டேஷன் வேகன் என்று பெயர். அமெரிக்காவில் செய்தது. ஐம்பதுகளின் கடைசியில் கப்பலில் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்காக வந்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் போய் எடுத்துவந்தவன் நான்தான். அப்போது எனக்கு இருபது வயது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. முதல் மைல் முழுக்க வலது பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய் உட்காரத் தோன்றியது.

ஊருக்கு வந்ததும் கூட்டம். எல்லாரும் செய்தது ஒரே காரியம். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. அந்த வண்டியின் இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்ததுபோல இருக்கும். ரேகையெல்லாம் தெரியும். தட்டினால் தகரம். மரம் மாதிரி படம் ஒட்டியிருக்கிறார்கள்!

தகரத்துக்கு எதற்கு மரத்தோல்? ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் அமெரிக்கர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால், பைபிள் தமிழ்.

“முற்காலத்தில் மெய்யான மரத்தினாலேயே செய்தார்கள், தம்பி. பின்பு இரும்பு வந்தது. ஜனங்களோ மரத்தை மறக்க மனதில்லாதிருந்தார்கள்.”

புதுசாக வந்திறங்கிய வண்டி. அதிலேயே பழைய வண்டியின் ஏக்கத்தை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போது என் தலையில் டை அடிக்கும்போது புரிகிறது.

அந்த வண்டியில் மூன்று வரிசை சீட். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்றாவதுதான் விசேஷம். அது பின்பக்கம் பார்த்து இருக்கும். அதில் உட்கார்ந்தால் போகிற இடம் தெரியாது. விட்டு வந்த இடம்தான் தெரியும். பின்கதவும் இரண்டு துண்டு. மேலே கண்ணாடி, அது மேலே தூக்கிக்கொள்ளும். கீழே பலகை, அது கீழே சாயும். சாய்ந்த பலகையில் இரண்டு பேர் உட்காரலாம். உடையாது.

ஆஸ்பத்திரி ஷெட் சுவரில் டாக்டரம்மா ஒரு படம் ஒட்டியிருந்தார். அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த விளம்பரம். இதே மாதிரி வண்டி. பச்சைப் புல். தொப்பி வைத்த அப்பா, கூடை பிடித்த அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். நாய் பின் சீட்டில்.

“இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவுதானா ஆள்?” என்று கேட்டேன்.

“நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

நம் ஊரில் அதை வேறு மாதிரி ஓட்டினோம். பிரசவ வலி வந்தவர், பாம்பு கடித்தவர், கிணற்றில் விழுந்தவர் — நடு சீட்டில் படுக்க வைப்போம். கூட வருகிறவர்கள் பின் சீட்டில். ஏறும்போது ஓவென்று அழுவார்கள். வண்டி கிளம்பும். ஊர் அவர்கள் கண்ணெதிரிலேயே சின்னதாகிக்கொண்டே போகும். புளியமரம் திரும்பியதும் அழுகை நின்றுவிடும். ஏனென்று தெரியாது. பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியை மூடினார்கள். டாக்டரம்மா ஊருக்குப் போய்விட்டார். வண்டி ஏலத்துக்கு வந்தது. அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர் இருதயராஜ். அவர் எடுத்தார். வண்டியோடு என்னையும் எடுத்தார் என்று சொல்லலாம். அந்த வண்டியில் நான் உட்கார்ந்து இத்தோடு முப்பத்திரண்டு வருஷம்.

பெட்ரோல் குடித்துத் தீர்த்தது. இன்ஜினை மாற்றி டீசல் இன்ஜின் வைத்தோம். அமெரிக்க உடம்பு, நம்மூர் வயிறு. கல்யாணத்துக்குப் போனோம், வேளாங்கண்ணிக்குப் போனோம், திருப்பதிக்கும் போனோம்.

இப்போது யார் கூப்பிடுகிறார்கள்? தொண்ணூற்றொன்று இது. ஊருக்கு இரண்டு வேன் வந்துவிட்டது. வேனில் பாட்டு போடுகிறார்கள். எங்கள் வண்டியில் இன்ஜின் சத்தம்தான் பாட்டு.

போன மாதம் கன்னியப்பன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அவர் தட்டுவது வேறு மாதிரி. கனம் பார்க்கிற தட்டு.

“இன்னா ராஜு, இதை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? கோழி அடைக்கவா?”

இருதயராஜ் துண்டால் வண்டியின் தூசியைத் தட்டினார். வருமானம் இல்லாமல் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி. வடக்குப்பட்டில் பதினான்கு பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஷிப்ட் ஆறரைக்கு. முதல் பஸ் ஏழுக்கு. ஆகவே வண்டி வேண்டும். மாத ஒப்பந்தம்.

இருதயராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கேட்டார். அங்கே ஆபீஸர் வண்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஓடுமா?”

“ஓடித்தான் சார் இங்க வந்திச்சி.”

ஆபீஸர் ஒரு நிபந்தனை சொன்னார். ஒரு வாரம் பார்க்கலாம். திங்கள் முதல் சனி வரை. தினமும் ஆறரைக்குள் பதினான்கு பேரும் கேட்டில் இறங்க வேண்டும். லைன் வேலை. ஒரு ஆள் குறைந்தால் ஒரு மெஷின் நிற்கும், ஒரு மெஷின் நின்றால் லைனே நிற்கும். ஒரு நாள் ஒரு ஆள் குறைந்தாலும் வேன்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

இருதயராஜ் நேராகக் கன்னியப்பனிடம் போனார்.

“ஒப்பந்தம் கெடைக்கலைன்னா ஞாயித்துக்கெழம நீ வந்து இட்டுக்கினு போ. கெடைச்சா இந்தப் பக்கமே வராத.”

“அதான் பேச்சு” என்றார் கன்னியப்பன்.

இதுதான் விஷயம். ஆறு நாள். பதினான்கு பேர். தவறினால் வண்டி துண்டு துண்டாகும்.

வண்டிக்கு ஒரு நோய் உண்டு. செல்ஃப் எடுக்காது. அதற்கு மருந்தும் உண்டு. ஏரிக்கரைச் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்துவேன். முன் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டு. காலையில் கல்லை எடுத்தால் தானாக உருளும். செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். பத்து வருஷமாக இந்த வைத்தியம்தான்.

பிடித்தாலும் உடனே நிறுத்தக் கூடாது. இன்ஜின் சூடேற இரண்டு மைல் ஆகும். அதற்குள் நிறுத்தினால் அணைந்துவிடும்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. கேட்டில் வாட்ச்மேன் முதல் நாள் வலது பக்கம் வந்து, அங்கே உட்கார்ந்திருந்த சரோஜா என்ற பெண்ணுக்கு சல்யூட் அடித்து, ரிஜிஸ்டரை நீட்டினான். சரோஜாவும் கையெழுத்துப் போட்டுவிட்டது. வாரம் முழுக்க அதுதான் டிரைவர்.

பின் சீட்டுக்கு முதலில் யாரும் போகவில்லை. தலை சுற்றும் என்றார்கள். மேரி என்று ஒரு பெண். வாய் ஓயாது. அது மட்டும் ஏறி உட்கார்ந்தது.

“முன்னாடி இன்னா கீது? ரோடு வரும். பின்னாடி குந்து, ஊரே தெரியும். யாரு பல்லு வெளக்குறான், யாரு சொம்பு எடுத்துக்கினு போறான், எல்லாம் தெரியும்.”

அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் போனார்கள். பின் சீட்டில் ஐந்து. மீதி ஒன்பது பேர் முன்னாலும் நடுவிலும். கஸ்தூரி என்று ஒரு பெண், நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கும். அதுவும் மேரி பக்கத்தில்தான்.

தினமும் சாயந்திரம் டீக்கடையில் கன்னியப்பன் விசாரிப்பார்.

“நம்ம இரும்பு எப்டி கீது?”

“உன் இரும்பு இல்ல. என் வண்டி.”

“சனிக்கெழம வரைக்கும் உன் வண்டி. நான் இல்லேங்கலையே.”

வெள்ளி வரைக்கும் ஐந்து நாள் தாண்டிவிட்டோம். தினமும் பதினான்கு. தினமும் ஆறே காலுக்குள்.

அப்புறம் இருதயராஜ் ஒரு காரியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வண்டியைக் கழுவினார். கடைசி நாள் அல்லவா, ஆபீஸர் நேரில் வருவார். தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தப் பொய் மரத்தைத் துடைத்தார். பம்பரில் சாம்பல் போட்டுத் தேய்த்தார். கழுவுவதற்குச் சரிவில் வசதியில்லை என்று நாலு பேரைப் பிடித்து சமதரைக்கு உருட்டியிருக்கிறார். கழுவி முடித்ததும் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். அழகாக இருந்ததாம். அப்படியே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை நான் வந்தேன். வண்டி மினுங்கியது. சமதரையில்.

முட்டுக் கல் மட்டும் சரிவில் தனியாகக் கிடந்தது.

இருதயராஜ் கல்லைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மறந்துட்டேன்பா...”

முப்பது வருஷம் ஸ்டோரில் ஒரு மாத்திரை குறையாமல் கணக்கு வைத்தவர் அவர். ஆசை வந்தால் மனுஷனுக்குச் சரிவு மேடு தெரியாது போல.

கன்னியப்பன் ஒரு நாள் முன்னாலேயே கயிறோடு வந்திருந்தார். எப்படியும் இழுக்கத்தானே போகிறோம் என்று.

“நான் வேணா இழுக்கட்டுமா?” என்றார். சிரித்தார்.

“ஏறக் கட்டு உன் கயித்த” என்றது மேரி. பைகளை முன் சீட்டில் எறிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டது. “வாங்கடி. தள்ளுவோம்.”

வண்டியின் முதுகைப் பார்த்து நின்றது இப்படித்தான். நான் சீட்டில் ஏறிவிட்டேன். அதற்கு முன்பே பின் கண்ணாடியையும் பலகையையும் திறந்துவிட்டிருந்தேன், ஓடி ஏறச் சௌகரியமாக. நாலு கதவும் திறந்தே இருந்தது.

தள்ளினார்கள். வண்டி இரண்டு டன் கனம். அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள். “ஏலேலோ”வெல்லாம் இல்லை. ஆபீஸரையும் அமெரிக்காவையும் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். கொஞ்சம் நகர்ந்தது. நின்றது.

அப்போது கண்ணாடியில் பார்த்தேன். கன்னியப்பன் கயிற்றைத் தரையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். வந்து கஸ்தூரி பக்கத்தில் தோள் கொடுத்தார்.

வண்டி உருண்டது.

கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல். ஒரு இருமல். கரும்புகை. பிடித்துக்கொண்டது!

“ஏறுங்க!”

ஓடிக்கொண்டே ஏறினார்கள். கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. யார் மடியில் யார் என்று தெரியவில்லை. ஒரு கை என் காதைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

“எல்லாரும் ஏறியாச்சா?”

முன்னால் இருந்த ஒன்பது பேரும் சொன்னார்கள். “ஆச்சு!”

பின்னாலிருந்து ஒரு அலறல்.

“அண்ணே! கஸ்தூரி ஏறலண்ணே!”

மேரி. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. நிறையத் தள்ளியது கஸ்தூரி. தலையைக் குனிந்து, கண்ணை மூடித் தள்ளியிருக்கிறது. வண்டி பிய்த்துக்கொண்டு போனதும் கை காற்றில் நின்றது. குப்புற விழுந்துவிட்டது. பிடித்து ஏற எதிரில் வண்டியே இல்லை.

“நிறுத்துண்ணே!”

“நிறுத்தினா நின்னுடும்.”

“நிறுத்தினா நிக்கத்தாண்ணே செய்யும்!”

விளக்க நேரமில்லை. நின்றால் இன்ஜின் அணையும். அணைந்தால் மறுபடி தள்ள வேண்டும். தள்ளுகிற ஆள் அங்கே விழுந்து கிடக்கிறது. போனால் பதின்மூன்று. நின்றால் ஒன்றுமில்லை.

என்ன செய்வது?

கரை இறங்கியதும் ஒரு நெற்களம் உண்டு. அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்தது. வண்டியை அதற்குள் திருப்பினேன். சுற்றினேன்.

போரடிக்கிற மாடு சுற்றுமே, அப்படி. பதினேழரை அடி வண்டி. ஒரு சுற்றுக்கு முழுக் களமும் வேண்டும். உள்ளே பதின்மூன்று பெண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலறினார்கள். சரோஜா வாந்தி வருகிறது என்றது. வரட்டும் என்றேன்.

இரண்டாவது சுற்றில் கரைமேல் கஸ்தூரி தெரிந்தது. எழுந்து ஓடிவருகிறது. முட்டியில் மண். வெறுங்கால். அதற்குப் பின்னால் கன்னியப்பன். ஒரு கையில் கஸ்தூரியின் செருப்பு. மறு கையில் கஸ்தூரியின் டிபன் பை. இடுப்பில் முடிந்திருந்ததாம் அந்தப் பை, விழுந்தபோது அறுந்திருக்கிறது.

“ஓடு கஸ்தூரி! ஓடு!”

இன்ஜின் அணையாத அளவுக்கு மெதுவாக்கினேன். பின் பலகை நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மேரி அதன்மேல் குப்புறப் படுத்தது. மூன்று பேர் மேரியின் காலைப் பிடித்துக்கொண்டார்கள். மேரி கையை நீட்டியது.

ஒரு சுற்று... கை எட்டவில்லை.

அடுத்த சுற்று. கை பிடித்தது. கஸ்தூரி பலகையில் விழுந்தது. வண்டியின் மூக்கு ஒரு சாண் மேலே போனது. ஏறிவிட்டது.

“போண்ணே, போ!”

“பை!” என்று கத்தியது கஸ்தூரி. “என் சோறு!”

கன்னியப்பன் பின்னாலேயே ஓடிவருகிறார். பையை நீட்டினார். மேரி பையைப் பிடித்தது. இழுத்தது.

காயலான் கடைக்காரர் கையில் வந்த பொருளை லேசில் விடமாட்டார். தொழில் அப்படி. மேரியும் விடவில்லை.

“வுடுய்யா பைய!”

“இழுக்காதம்மா, வார் அந்துடும்!”

நான் களத்தைவிட்டு ரோட்டில் ஏறினேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அதற்கப்புறம் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்று யோசித்தேன். முன்னால் பார்த்து உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். என்னையும் சேர்த்தால் பத்து. பத்துப் பேரும் ‘ஆச்சு’ என்றுதான் நினைத்தோம். போகிற அவசரத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். யாரை விட்டுவிட்டோம் என்பது திரும்பி உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரிகிறது. இந்த நாளில் வருகிற வண்டிகளில் அந்த சீட் இல்லை. ஏன் எடுத்தார்களோ!

கம்பெனி கேட். மணி ஆறு இருபத்தெட்டு.

ஆபீஸர் வாட்சைப் பார்த்தபடி நின்றிருந்தார். வாட்ச்மேன் சரோஜாவுக்கு சல்யூட் அடித்தான். சரோஜா இறங்கி ஓடிப்போய் மறைவில் வாந்தி எடுத்தது. வாட்ச்மேன் சரோஜாவை ஒன்று என்று எண்ணினான்.

இரண்டு, மூன்று... நடு சீட் முடிந்து ஒன்பது. பின் பலகையில் மேரி இறங்கியது. பத்து. கடைசியாகக் கஸ்தூரி. பதினான்கு.

அதற்கப்புறமும் ஒரு கால் வந்தது. மடித்துக் கட்டிய வேட்டி. கையில் ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு, ஒரு டிபன் பை.

வாட்ச்மேன் பார்த்தான். எண்ணுவது அவன் வேலை. எண்ணினான். எழுதிக்கொண்டான்.

ஆபீஸர் கேட்டார். “இது யாரு?”

மேரி முந்திக்கொண்டது. “தள்றவரு சார்.”

ஆபீஸர் என்னைப் பார்த்தார். “கிளீனரா?”

“ஆமாம்” என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வண்டிக்காக நான் சொன்ன முதல் பொய்.

ஆபீஸர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மினுங்குகிற பம்பரைப் பார்த்தார். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். அவருமா!

“கிளீனர் வேற வெச்சிருக்கீங்களா... வேன்காரன்கூட வெக்கலையே” என்றார். தாளில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து மாத ஒப்பந்தம்.

திரும்பும்போது கன்னியப்பன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மண்ணூர் தாண்டியது. அப்புறம் பேசினார்.

“ஒரு மாசமா காத்துக்கினு இருந்த இரும்பு. நானே தள்ளி அனுப்பிட்டேன் பாத்தியா?”

“ஏன் தள்ளின?”

“பொம்பளைங்க தள்ளிக்கினு கீறாங்க. நான் கயித்த புடிச்சிக்கினு நின்னு பாக்குறதா?”

பின்னால் திரும்பிப் பார்த்து, “அந்தப் பின் சீட்டு நல்லாத்தான் கீது” என்றார்.

ஏரிக்கரைக்கு வந்தோம். இருதயராஜ் அந்த முட்டுக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கன்னியப்பனின் கயிறு. கஸ்தூரி விழுந்ததைப் பார்த்திருக்கிறார். நாங்கள் களத்தில் சுற்றியதையும் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் நடந்தது மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இரண்டு மணி நேரமாக எழுந்திருக்கவில்லையாம்.

வண்டியைச் சரிவில் நிறுத்தினேன். மூக்கு கீழே. அவர் எழுந்தார். கல்லை உருட்டிவந்து சக்கரத்துக்கு முட்டு வைத்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை உதைத்துப் பார்த்தார்.

பிறகு கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“ரிஜிஸ்டர்ல எத்தினி பேருன்னு எழுதினான்?”

பதினைந்து.